நல்லவர் என்று சொல்ல ஒரு ஆள்

பைனான்ஸ்காரர்களில் பல ரகம் உண்டு. நகையை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் ஒரு ரகம். வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, நீங்கள் நிம்மதியாகத் தூங்காதபடி பார்த்துக்கொள்கிறவர் இன்னொரு ரகம். ஆர்.சி. புத்தகம், ஏடிஎம் கார்டு, எருமை மாடு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடமானம் பிடிக்கிற சில்லறை ரகங்களை விட்டுத்தள்ளுங்கள். இவர்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிடுகிற ரகம் ஒன்று இருக்கிறது. அவர் உங்களிடம் எதையுமே கேட்க மாட்டார். பத்திரமா, சீச்சீ என்பார். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, மனுஷனுக்கு மனுஷன் வார்த்தை போதாதா என்பார். அப்படி ஒருவர் சொன்னால் கையை உருவிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவது உத்தமம்.

பெரிய காஞ்சிபுரத்துக் கோதண்டபாணியை இந்த ரகத்துக்கு அசல் உதாரணம் என்று சொல்லலாம். பட்டுக்கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில், ஒரு கடையின் மாடியில், ‘திருவாக்கு பைனான்ஸ்’ என்ற போர்டுக்குக் கீழே முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். தறிக்குப் பாவு நூல் வாங்க வேண்டிய நெசவாளி, ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்ட வேண்டிய டிரைவர், பெண்ணுக்குக் காது குத்த வேண்டிய தகப்பன், காது குத்திய கடனை அடைக்க வேண்டிய அதே தகப்பன் என்று அந்த மாடிப்படி ஏறாதவர்கள் ஊரில் குறைவு. ஏறிய எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் கேட்டார்கள்.

“பத்திரம் வேணாம்பா, நகை வேணாம், செக்கும் வேணாம். உன்னை நல்லவன்னு சொல்ல ஒரே ஒரு ஆளைக் கூட்டினு வா. வார்த்தைதான்பா எனக்குச் சொத்து.”

ஊர் உருகிப்போயிற்று. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று மூக்கின் மேல் விரலை வைத்தது. ஆளாளுக்கு மச்சானையும் சித்தப்பாவையும் எதிர்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார்கள். அவர்களும் ஏறி, கொடுத்த காபியைக் குடித்து, “தங்கமான பையனுங்க, நல்லவன்” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். சொன்னவர் பேர், தகப்பனார் பேர், கதவு எண் எல்லாவற்றையும் கோதண்டபாணி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மரியாதைக்குக் குறிக்கிறார் என்று நினைத்தார்கள். அப்பாவிகள்.

முதல் தங்கமான பையன் ஆறாவது மாதம் திருப்பூருக்கு ஓடினான். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவனை நல்லவன் என்று சொன்ன சித்தப்பா கதவைத் திறந்தால், வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் திருவாக்கு பைனான்ஸின் வசூல்காரர் இளவரசன். சத்தம் கிடையாது, மிரட்டல் கிடையாது, கையில் ஒரு குச்சிகூடக் கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னா இளவரசு, காலையிலேயே இங்க?” என்று யாராவது கேட்டால், “ஒண்ணுமில்லீங்க, சும்மா” என்றார். சித்தப்பா ஏன் என்று கேட்டதற்கு மட்டும், மிகவும் பணிவாக, “நீங்கதானே நல்லவன்னு சொன்னீங்க?” என்று பதில் வந்தது. அந்தச் ‘சும்மா’வை, பணத்தைக் கட்டாமல், பதினொன்றரை மணிக்கு மேல் தாங்கிய குடும்பம் இன்றுவரை ஊரில் கிடையாது.

ஊருக்குப் புத்தி வந்தது. வந்த புத்தி கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. யாரையும் நல்லவன் என்று சொல்வதில்லை என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை, தானாக நடந்தது. கல்யாண மேடையில் வாழ்த்துரை சொல்ல வந்த தாய்மாமன், “மாப்பிள்ளையை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று ஆரம்பித்தார். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் ‘பண்பாளர்’ போயிற்று, ‘கொடை வள்ளல்’ போயிற்று, கடைசியில் ‘இவர் இறந்துவிட்டார்’ என்பது மட்டும் நின்றது. ஒரு தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘கவனிக்கவில்லை’ என்று எழுதினார். பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவரிடம் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள், “சரிகை நல்லதாப்பா?” என்று கேட்க, அவர் சேலையை ஒருமுறை, அம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டு, “எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லீங்க” என்றார். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்கூட, வேட்பாளரைத் தங்களுக்குத் தெரியாது, இருந்தாலும் ஓட்டுப் போடுங்கள் என்றுதான் மைக்கில் சொன்னார்கள். இதனால் வேட்பாளர் யாரும் தோற்றதாகத் தெரியவில்லை.

கோதண்டபாணிக்கு இது எதுவும் உறுத்தவில்லை. ஏன் உறுத்த வேண்டும்? ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்த்தால் முதல் மாலை அவருக்கு. மஞ்சள் நீராட்டு விழா பேனரில் பெண்ணின் படம் தபால் தலை அளவு, அவர் படம் கதவு அளவு. வார்டில் யார் நிற்பது, யார் வாபஸ் வாங்குவது, எந்தக் கல்யாண மண்டபத்துக்கு எந்தத் தேதி, பிறந்த குழந்தைக்கு என்ன பேர் என்பதுவரை அவரைக் கேட்டுக்கொண்டு செய்தார்கள். அவர் நடந்து வந்தால் டீக்கடைப் பெஞ்சு காலியாகும். மரியாதை என்று அவர் நினைத்தார். நினைத்துவிட்டுப் போகட்டும், அவர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து பழகியவர் அல்ல.

ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள்.

அபிநயா ஒரே பெண். எம்.காம். படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனவள், அங்கே கலைவாணன் என்ற இன்ஜினியரைப் பார்த்தாள், பிடித்தது, நேராக வந்து அப்பாவிடம் சொன்னாள். கோதண்டபாணி அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருந்தார். ஊரில் ஒருவர் பேச்சுக்கும் வளையாத மனுஷன், அவள் முகம் ஒரு நிமிஷம் வாடினால் சோற்றில் கை வைக்க மாட்டார். உடனே சம்மதித்தார். பையனின் அப்பா வீரபத்திரன் தென்னேரிக்காரர். பத்து ஏக்கர் நெல்லும் இரண்டு ஜேசிபியும் வைத்திருப்பவர், எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவார். பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, எல்லாம் திருப்தி என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி ஊரில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

“தாராளமா விசாரிங்க சம்பந்தி!” என்று சிரித்தார் கோதண்டபாணி. பாவம்.

வீரபத்திரன் முதலில் வேல்முருகனின் டீக்கடைக்குப் போனார். கடைக்கு எதிரே கோதண்டபாணி கைகூப்பி நிற்கிற இருபதடி பேனர். அதைக் காட்டி, “இவர் எப்படிங்க?” என்று கேட்டார்.

வேல்முருகன் பேனரை நிமிர்ந்து பார்த்தார். “யாரு, அந்த வெள்ளைச் சட்டையா? தெரியலீங்களே. இப்பதான் பாக்கறேன்.”

“உங்க கடைக்கு எதிர்லயே இருக்குதே?”

“நான் டீயைப் பாத்துக்கினு இருப்பேங்க.”

ஆட்டோ ஸ்டாண்டில், அப்படி ஒருவர் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்றார்கள். பட்டுக்கடையில், ஊருக்குப் புதிது என்றார்கள். சொன்னவர் பிறந்தது அதே தெரு. கோதண்டபாணியின் சொந்தத் தம்பி வாசலில் நின்று, “அண்ணன்தான். ஆனா சின்ன வயசுலேர்ந்து அவ்வளவா பழக்கம் இல்லீங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலமே வீரபத்திரன் போன் செய்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல ஒருத்தர்கூட உங்களைக் கெட்டவர்னு சொல்லல. நல்லவர்னும் சொல்லல. பேரைச் சொன்னாலே முகம் வெளுத்துப் போவுது. கொலை கிலை ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா? எனக்கு ஒண்ணும் ரொம்ப வேணாம். ஒரே ஒரு ஆளு, தானா, மனசார, நல்ல மனுஷன்னு சொல்லட்டும். போதும். ஆடி கடைசிக்குள்ள சொல்லட்டும். இல்லைன்னா ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்.”

பக்கத்தில் நின்ற அபிநயா எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோதண்டபாணி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வேல்முருகனிடம் போனார். பெஞ்சு வழக்கம்போல் காலியாயிற்று.

“வேலு, என்னைப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லுபா. தென்னேரிக்காரர் வந்தா சொல்லு.”

வேல்முருகன் கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்தார். “அண்ணே, வேணாண்ணே. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்குதுண்ணே.”

“யோவ், யாரைப் பத்தியும் இல்லயா. என்னைப் பத்தி!”

“அதான்ணே பயமா இருக்குது. எவ்வளவுண்ணே வாங்கியிருக்கீங்க? யார்கிட்ட?”

மத்தியானத்துக்குள், கோதண்டபாணி எங்கேயோ பெரிய தொகை கடன் வாங்கிவிட்டார், ஜாமீனுக்கு ஆள் தேடுகிறார் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. அவர் ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெரு அடுத்த தெருவுக்குப் போயிற்று. இரண்டு பேருக்குக் கடனைத் தள்ளுபடி செய்து பார்த்தார். வாங்கிக்கொண்டு கும்பிட்டார்கள், கண்ணீர் விட்டார்கள், வாயை மட்டும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தவருக்கு மோர் கொடுத்துக்கொண்டே பொன்னியம்மாள் கேட்டார். இருபத்தெட்டு வருஷத்து மனைவி. “ஊர்ல யாரும் உங்களைச் சொல்லலன்னு குதிக்கிறீங்களே, நீங்க யாரையாச்சும் நல்லவன்னு சொல்லியிருக்கீங்களா? என்னையே சொன்னதில்ல. நீங்க முதல்ல வாயைத் தொறங்க. அப்புறம் ஊரு தொறக்கும்.”

கோதண்டபாணி யோசித்தார். முப்பத்தோரு வருஷத்தைப் புரட்டினார். அகப்படவில்லை. அப்போதாவது பக்கத்தில் நிற்கிற மனைவியை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அவருக்குத் தோன்றவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக டீக்கடைக்குக் கிளம்பினார்.

அங்கே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கலெக்‌ஷனுக்குக் கிளம்பிய இளவரசனும் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோதண்டபாணி நடுவில் நின்று தொண்டையைச் செருமினார். “எல்லாரும் கேளுங்கபா. இந்த வேல்முருகன் இருக்கறானே, இவன்… இவன் ந…” வார்த்தை வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, “நல்லவன்!” என்று ஒரு வழியாகத் துப்பினார்.

இளவரசன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை எடுத்துக் கணக்கில் குறித்தார். “வேல்முருகன், டீக்கடை லோன். ஜாமீன் புதுசா ஒண்ணு. உங்க அப்பா பேரு இன்னா சார்?”

“டேய், என்னடா பண்றே? அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுடா!”

“ஜாமீன் சொன்னவங்க எல்லாரும் அதான் சார் சொல்வாங்க” என்றார் இளவரசன் வருத்தத்தோடு. “உங்க ரூல்தான். ஆளைப் பாத்து ரூலை மாத்தாதேன்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க. இன்னிக்கு உங்களை விட்டா நாளைக்கு ஊரே கேக்கும்.”

ஊரே பார்த்துக்கொண்டுதான் நின்றது. கோதண்டபாணி அப்பா பேரைச் சொன்னார்.

இப்போது வேல்முருகனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பதினைந்து வருஷமாக, தனக்கு ஜாமீன் சொன்ன பாவத்துக்கு மச்சான் வாசலில் நாற்காலி விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து தவணை கட்டியவர். திடீரென்று மாவட்டத்திலேயே பெரிய மனுஷன் ஜாமீன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு திங்கட்கிழமை தவணை கட்டாமல் மத்தியானம் படுத்துத் தூங்கினார். நன்றாகத் தூக்கம் வந்தது என்று பிற்பாடு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. கோதண்டபாணி வாசல் கதவைத் திறந்தார். சிவப்பு நாற்காலி.

“வணக்கம் சார்” என்றார் இளவரசன்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பால்காரர், “இன்னா இளவரசு, இங்க?” என்று கேட்க, “ஒண்ணுமில்லீங்க, சும்மா” என்று பதில் வந்தது. முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர் வாசலுக்கு அனுப்பிய சொல்லை அன்றுதான் கோதண்டபாணி தன் வாசலில் கேட்டார். சட்டென்று நோட்டுகளை எண்ணி நீட்டினார். இளவரசன் கையைக் கட்டிக்கொண்டார். “ஜாமீன்தாரர் ஆபீஸ்ல வரிசையில நின்னு, முதலாளி கையால ரசீது வாங்கணும் சார். நடுவுல யாரும் துட்டுல கை வைக்கக் கூடாதுன்னு நீங்க போட்டது.”

போனார். மாடிப்படியில் இருபது பேர் வரிசை. இருபத்தோராவது ஆளாக நின்றார். வரிசை நகரவில்லை. கவுண்டருக்குப் பின்னால் முதலாளி நாற்காலி காலி. ‘முதலாளி வரும்வரை காத்திருக்கவும்’ என்ற அட்டை தொங்கியது. அரை மணி நின்றார். வெயில் ஏறியது. ஒரு மணி ஆயிற்று.

“எப்பபா வருவாரு?” என்று முன்னால் நின்றவரிடம் எரிச்சலோடு கேட்டார்.

“வரும்போதுதாங்க வருவாரு” என்றார் அவர், பழக்கப்பட்டவர்.

அப்புறம்தான் கோதண்டபாணிக்கு விஷயம் உறைத்தது. அடித்துப்பிடித்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது பேருக்கும் ரசீது போட்டார். இருபத்தோராவது இடம் காலி. “கட்டறவர் எங்க சார்?” என்றார் இளவரசன். எழுந்து வெளியே ஓடி வரிசைக்கு வந்தார். அதற்குள் பின்னால் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். இடம் போயிற்று, கடைசியில் நிற்கச் சொன்னார்கள். நின்றார். கவுண்டர் காலி. மறுபடி உள்ளே ஓடினார், வெளியே ஓடினார். மூன்றாவது தடவை ஓடியபோது வேட்டி தடுக்கியது. வரிசையில் நின்றவர்களுக்கே பாவமாகிவிட்டது. “மெதுவா போங்க சார், உங்க இடத்தை நாங்க பாத்துக்கறோம்” என்று துண்டைப் போட்டு வைத்தார்கள். யாரோ பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள். அவரைக் கண்டு எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார ஊர் இடம் விட்டது அன்றுதான்.

அந்த நேரத்துக்குத்தான் வேல்முருகனின் மனைவி காந்தா மாடிப்படி ஏறி வந்தார். புருஷன் தவணை கட்டாமல் தூங்கிய சேதி தெரிந்து, அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, சீட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடிவந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்த்து, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கோதண்டபாணியைப் பார்த்ததும் காந்தாவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஐயோ, எங்களுக்காகவா இவரு இப்படி வெயில்ல நின்னுக்கினு கஷ்டப்படறாரு? நல்ல மனுஷன்யா!”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோஜனம்? அவருக்கு இரண்டு படி கீழே, ஆடி முடிகிற நாளாயிற்றே என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த வீரபத்திரன் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாமா சொன்னே? இன்னொரு தரம் சொல்லு.”

காந்தா பொத்திய கையை எடுக்கவில்லை. ஆனால் படியில் நின்ற அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். வீரபத்திரன் முகம் மலர்ந்தது. ஜாதகத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். “போதுங்க சம்பந்தி. மனசார வந்த வார்த்தை. ஆவணி முதல் முகூர்த்தத்துலயே நிச்சயம்!”

கோதண்டபாணி அழுதுவிட்டார். உண்மையாகவே அழுதார். அபிநயாவின் முகம், மூடின கதவு, காலையில் கேட்ட ‘சும்மா’ எல்லாம் சேர்ந்துகொண்டு கண்ணீர் வந்தது. காந்தாவைப் பார்த்துக் கைகூப்பினார். இந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று நிஜமாகவே தவித்தார்.

அப்போது வீரபத்திரன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, கல்யாணச் செலவு எழுதி வைத்திருந்த காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். “பேரு இன்னாமா?”

“எ… எதுக்குங்க?”

“ஒண்ணுமில்ல. நம்ம பையன் வாழ்க்கை பாரு. நாளைக்கு இவர் வீட்டுச் சம்பந்தத்துல ஏதாச்சும் ஏடாகூடம்னா, உன்னைத்தானே வந்து கேக்கணும்?”

காந்தா கோதண்டபாணியைப் பார்த்தார். ஒரு வார்த்தை, வேணாம் சம்பந்தி என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். வரிசை முழுக்க அவரையே பார்த்தது. கோதண்டபாணி வாயைத் திறந்தார். மூடினார். மகளை நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“காந்தா” என்றார் மெதுவாக. “கதவு எண் பதினேழு. மாடி இல்ல சம்பந்தி, கீழ்வீடு.”

ஆவணியில் நிச்சயமும் ஐப்பசியில் கல்யாணமும் பிரமாதமாக நடந்தன. காந்தாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. அபிநயாவும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு போனால் அன்று அவர் சாப்பிடுகிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனால் அம்மனுக்கு விளக்குப் போடுகிறார். போன வாரம் அந்தப் பெண் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்ததைப் பார்த்துக் காந்தாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பொங்கலுக்கு வந்திருக்கிறாள் என்று பொன்னியம்மாளே வந்து சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

சிரிக்கிறீர்கள். அது காஞ்சிபுரத்துக் கூத்து, நமக்கும் பைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே? சரி. சமையலறைக் குழாய் கெட்டுப்போனபோது, நல்ல ஆள் என்று ஒரு பிளம்பரின் நம்பரை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் நாள் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்தது. நீங்கள் பிளம்பரையா தேடிப் போனீர்கள்? நேராகப் பக்கத்து வீட்டு மணியைத்தானே அடித்தீர்கள். அவர் கதவைத் திறந்ததும் நீங்கள் முதலில் சொன்ன வாக்கியம் என்ன என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.